ஆறாவது தாலர்

வால்புர்காவின் விரல் நுனிகளில் ரேகை கிடையாது. எங்கள் ஊரை ஆண்ட ஆயரின் நாணயச் சாலையில் இருபத்திரண்டு வருடம் வெளுப்புச் சட்டியில் கைவிட்டதில் எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தன. மதுப் பீப்பாயின் உள்பக்கம் படியும் புளிப்புக் கசடையும் உப்பையும் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைப்பாள். உலையிலிருந்து கறுத்து வரும் வெள்ளி வில்லைகளை அதில் போட்டுத் துழாவினால் பால் போல வெளுத்து வரும். அதன் பிறகுதான் அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்துத் தாலர் காசு ஆக்குவார்கள். அடித்த காசைத் தவிட்டில் புரட்டித் துடைத்துக் கொடுப்பதும் அவள்தான்.

ஊரில் எல்லோருக்கும் அவள் புர்கி. எனக்குப் புர்கி அக்கா. நான் வேலை பார்த்த பாதிரியார் எகிடியுஸ் சாமியின் வீடு நாணயச் சாலைக்கு நேர் எதிரே இருந்தது. சாமியின் நிலவறைப் பீப்பாய்களைச் சுரண்டி, கசடை வாளியில் கொண்டுபோய் அவளிடம் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. கொதிக்கிற கலத்தை அவள் துணியில்லாமல் இறக்குவாள்.

"சுடலியா அக்கா?"

"சுட்டா சொல்றேன். உன் வாய்ல நாக்குன்னு ஒண்ணு இருக்கே, இன்னிக்குத்தான் தெரியும்."

ஆற்றின் மேல்பக்கம் உப்புக் காய்ச்சும் ஊரிலிருந்து பதினாலு வயதில் வந்தவள். கட்டியவன் மரத்தெப்பம் ஓட்டுகிறவன். கல்யாணமாகி இரண்டாம் வருடம் ஆற்றோடு போனான். அழுதாளா என்று கேட்டவர்களுக்கு அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "எனக்கு நீச்சல் தெரியும், எனக்கு நீச்சல் தெரியும்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டான். நம்பி நானும் தூங்கிட்டேன்." பிள்ளை இல்லை. நாணயச் சாலையின் கரிக்கொட்டகைக்கு மேலே ஒரு அறை கொடுத்திருந்தார்கள். சட்டியில் கைவிடுகிறவரைக்கும் அந்த அறை. இரண்டு கைதான் அவளுடைய சொத்து என்று சொன்னால் அது மிகையில்லை.

இலை உதிரும் மாதத்தில் பழைய ஆயர் இறந்தார். பூசை வைத்த கையாலேயே முப்பது வருடம் வரியும் போட்டு, தூக்குத் தண்டனையும் எழுதியவர். ஆயர் இறந்தால், புதியவர் ஊருக்குள் நுழைந்து ஆசனத்தில் அமரும்வரை ஆசனம் காலி. அந்த நாட்களில் பேராலயத்தின் ஆறு மூத்த சாமிகளும் சேர்ந்துதான் ஆட்சி. அந்த நாட்களுக்கென்று தனிக்காசும் உண்டு. ஒரு பக்கம், வேறு எந்தக் காசிலும் வராத, கையில் சங்கிலியோடு நிற்கும் புனித லியோன்ஹார்ட், மறுபக்கம் ஆறு சாமிகளின் ஆறு குடும்பக் கேடயங்கள். முதலில் அடிக்கும் ஆறு தாலரும் அந்த ஆறு பேருக்குத் துக்கக் காணிக்கை.

ஆயரின் உடல் மண்ணுக்குள் போகிறவரை நாணயச் சாலை ஜன்னல்களில் கறுப்புத் துணி தொங்க வேண்டும். சிலுவைக்கு முன்னால் எரியும் ஒரே ஒரு மெழுகுவர்த்தியைத் தவிர வேறு விளக்கு ஏற்றக்கூடாது. அடக்கம் முடியாமல் அவருடைய முகம் வெட்டிய அச்சை உடைக்கவும் கூடாது. அதனால் பழைய ஆயர் முகம் இருந்த அச்சும் புதிதாக வெட்டிய கேடய அச்சும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே உயரம், ஒரே கனம்.

சுத்தியல்காரன் வைட் அன்றைக்குத் துக்கத்துக்கென்று கொடுத்த பீரை முழுக்கக் குடித்திருந்தான். இதை அவனே பிறகு மதுக்கடையில் பலமுறை சொல்லியிருக்கிறான்.

"வைட், அச்ச ஒருதரம் மெழுகுவத்திகிட்ட கொண்டுபோய்ப் பாத்துக்க" என்றாள் புர்கி.

"என் அச்சு எனக்குத் தெரியாதா? இருட்டுல நீ உன் புருஷனத் தேடு. நான் அச்சத் தேடிக்கிறேன்."

"அவன் தண்ணிக்குள்ள இருக்கான். நீதான் பீருக்குள்ள இருக்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வைட் ஆறு தடவை ஓங்கி அடித்தான். புர்கி ஆறையும் தவிட்டில் புரட்டித் துடைத்தாள். வேறு யார் துடைத்திருந்தாலும் விரலில் ஒரு மூக்கும் தாடியும் தட்டுப்பட்டிருக்கும். அவள் விரலுக்கு எல்லாம் ஒன்றுதான்.

துக்கக் காணிக்கையைப் பேராலயத்துக்கு எடுத்துப் போவது, வெள்ளியைக் கடைசியாகத் தொட்டவரின் கடமை. தட்டின் மேல் கறுப்புத் துணி மூடியிருக்கும். ஒவ்வொரு சாமியும் துணிக்கு அடியில் கைவிட்டு ஒரு காசை எடுத்து, பார்க்காமல், அப்படியே அங்கிக் கைக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். துக்கத்தில் வாங்கும் வெள்ளி அடக்கம் முடியும்வரை கண்ணில் படக்கூடாது என்பது எங்கள் ஊர் முறை. எடுக்கிறவரையும் யாரும் பார்க்க மாட்டார்கள், தலையைக் குனிந்துகொள்வார்கள். புர்கியும் குனிந்துகொண்டுதான் ஆறு பேரிடமும் தட்டை நீட்டினாள்.

அடக்கம் முடிந்து உள்ளறையில் காசை எடுத்துப் பார்த்தவர்கள் முதலில் கதவைத் தாழிட்டார்கள். கேடயங்கள் இருக்க வேண்டிய இடத்தில் சற்று முன் புதைத்துவிட்டு வந்தவரின் முகம். இறந்து எட்டு நாள் ஆனவர் காசு அடித்திருக்கிறார். அதுவும் தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய ஆயர், பழையவர் முப்பது வருடம் ஊருக்குள் அண்டவிடாமல் வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் காதுக்கு இது போனால் ஆறு பேரும் இறந்தவரின் ஆட்களாகிவிடுவார்கள். உடனே ஆறு காசும் நாணயச் சாலைக்குத் திரும்பி உருக்கப்பட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அச்சை அன்றைக்கே உளியால் குறுக்கே வெட்டி ஆற்றின் நடுவில் போட்டார்கள். இனி யார் நினைத்தாலும் அப்படி ஒரு காசை அடிக்க முடியாது.

ஐந்து காசு திரும்பி வந்தது.

வரிசையில் கடைசியாக நின்றவர் எங்கள் வீட்டு எகிடியுஸ் சாமி. "எங்கிட்ட தட்டு வந்தப்ப துணிக்கு அடியில ஒண்ணும் இல்ல. துக்க வேளையில அதை எப்படிச் சொல்றதுன்னு பேசாம இருந்துட்டேன்" என்றார். சாமி சொன்ன பிறகு அதில் மறுபேச்சு இல்லை. தட்டை ஏந்தியவள்தான் எடுத்திருக்க வேண்டும்.

நாணயச் சாலைத் தலைவர் லாம்பெர்ட் கெட்டவர் இல்லை. நாணயச் சாலைச் சட்டத்தை வாசலில் நின்று எல்லோருக்கும் வாசித்தார். உள்ளிருந்து போன காசை மறைத்தவர் ஒன்பது நாளுக்குள் திருப்பித் தந்தால் மன்னிப்பு. தராவிட்டால் வலது கை.

"ஐயா, எங்கிட்ட என் அம்மாவோட வெள்ளிக் கரண்டி ரெண்டு இருக்கு. ஜெபமாலை இருக்கு. எடைக்கு எடை தந்துடறேன்" என்றாள் புர்கி.

"வெள்ளி யாருக்கு வேணும் புர்கி? அந்த முகம் திரும்பி வரணும். அது வெளியில எங்கயாவது இருக்கிற வரைக்கும் அந்த ஆறு பேருக்கும் தூக்கம் வராது."

"நான் எடுக்கலைன்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். அதனால என்ன பண்ணச் சொல்ற? சாமி பொய் சொல்றார்னு எழுதவா?"

வைட்டுக்கு அச்சை மாற்றி வைத்ததற்காக ஒரு வாரம் பீர் கிடையாது. அதோடு அவன் கணக்கு முடிந்தது. நல்ல சுத்தியல்காரன் கிடைப்பது கஷ்டம்.

முதல் நான்கு நாள் புர்கி வேறு எதையும் யோசிக்காமல் தேடினாள். உலைச் சாம்பலைச் சல்லடையில் சலித்தாள். சாக்கடைக் கல்லைப் பெயர்த்தாள். தவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு பிடியாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். பேராலயப் படிகளில் முட்டிபோட்டு ஒவ்வொரு இடுக்கிலும் குச்சி விட்டாள். ரொட்டி வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன புர்கி, நீயே மறைச்சுட்டு நீயே தேடறியா?"

"வலது கையால தேடிக்க. அப்புறம் தேடணும்னாலும் முடியாது."

"கண்டுபிடிச்சா எனக்கு ஒரு கோழி வாங்கிக் குடு. உனக்கு எப்படியும் ஒரு கோழி வேணும்."

இதற்குக் கூட்டமே சிரித்தது. கை வெட்டினால் உயிர்க்கோழியைப் பிளந்து சூட்டோடு வெட்டின இடத்தில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

ஐந்தாம் நாள் தேடுவதை நிறுத்தினாள். உட்கார்ந்து யோசித்தாளாம். விரல் நுனி செத்திருந்தாலும் மணிக்கட்டு சாகவில்லை. தட்டு ஆறு தடவை லேசானது அவளுக்கு ஞாபகம் வந்தது. கடைசித் தடவை துணிக்கு அடியில் ஒரு மோதிரம் தட்டில் உரசிய சத்தமும் ஞாபகம் வந்தது.

ஆறாம் நாள் பகல் பூசை முடிந்ததும் எங்கள் கதவைத் தட்டினாள். நான்தான் திறந்தேன். சாமி மேசையில் இருந்தார். அவருக்குப் பழைய காசுகள் சேர்ப்பதில் பைத்தியம். பச்சைத் துணி விரித்த சின்னச் சின்ன அறைகளோடு ஒரு மரப்பெட்டி. அதை என்னைத் தவிர வேறு யாரும் துடைக்கக்கூடாது. மற்ற வேலைக்காரிகள் வாயாடிகளாம்.

"வா புர்கி, உக்காரு. குளிருது பாரு. சென்சி, இவளுக்குக் கொஞ்சம் பீர் சூப்பு கொண்டா."

நான் சூப்பு எடுத்துக்கொண்டு வந்தபோது புர்கி உட்காரவில்லை. மண்டியிட்டிருந்தாள்.

"சாமி, நீங்க எடுத்தீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சாக்கடையில கிடந்துச்சுன்னு சொல்லிக் குடுத்துடறேன். கொஞ்ச நாளைக்குத் திருடின்னு பேர் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். குடுத்துருங்க."

சாமி கோபப்படவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து பெட்டியின் கீழ் அறையை இழுத்து, துணியோடு அந்தத் தாலரை எடுத்து மேசையில் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். ஒரு பக்கம் புனிதர். திருப்பினார். பழைய ஆயரின் மூக்கு, தாடி, கழுத்துப் பட்டையின் மடிப்பு எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. வைட் குடித்திருந்தாலும் அடி நல்ல அடி.

"பாரு, என்ன அழகு. வெளுப்பு உன்னோடதுதான். இந்த மாதிரி இந்த ஊர்ல யாரும் வெளுக்க முடியாது."

"சாமி, என் கைய வெட்டிடுவாங்க."

"அஞ்சை உருக்கிட்டாங்க. அச்சும் போச்சு. இது ஒண்ணுதான், புரியுதா? உலகத்துல இது ஒண்ணுதான். கை இந்த ஊர்ல ஆளுக்கு ரெண்டு இருக்கு."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு குழந்தைக்கு எடுத்துச் சொல்வது போலத்தான் சொன்னார்.

புர்கி திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "இந்தப் பொண்ணு பாத்துட்டா சாமி."

"அப்படியா? என்ன பாத்த சென்சி?"

நான் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தேன்.

"சூப்பு ஆறுது சாமி" என்றேன்.

அவர் காசைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். புர்கி எழுந்து, கதவு வரை போய், திரும்பி வந்து, என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி நின்றபடியே முழுக்கக் குடித்துவிட்டுப் போனாள். நான்கு நாளாக எதுவும் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஒன்பதாம் நாள் காலை சாமி என் அப்பாவை வரச்சொன்னார். அவருடைய திராட்சைத் தோட்டத்தைத்தான் அப்பா உழுதுகொண்டிருந்தார். அடுத்த வருடம் தோட்டம் வேறு ஆளுக்குப் போகும் என்று பேச்சு இருந்தது. இல்லை, இன்னும் ஆறு வருடத்துக்கு நீதான் என்று எழுதிக் கொடுத்தார். என்னிடம் சாமி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பா போகும்போது சமையலறைக்குள் வந்து என் தலையைத் தடவினார். அவர் அப்படித் தடவியது அதுதான் முதல் தடவை.

மணி அடித்ததும் நாணயச் சாலை வாசலில் கூட்டம் கூடியது. வறுத்த பாதாம் கொட்டை விற்கிறவன் வண்டியோடு வந்துவிட்டான். லாம்பெர்ட் மூன்று முறை காசைக் கேட்டார். புர்கி மூன்று முறையும் "எங்கிட்ட இல்ல" என்றாள். பிறகு கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

"அந்தப் பொண்ணக் கேளுங்க. அவ பொய் சொல்ல மாட்டா. அவளுக்குப் பேசவே வராது, பொய் எங்க வரப்போவுது."

கூட்டம் சிரித்துக்கொண்டே எனக்கு வழி விட்டது. லாம்பெர்ட் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு ஆசை இருந்தது. நான் சொல்லிவிட மாட்டேனா என்ற ஆசையா, சொல்லிவிடக் கூடாதே என்ற ஆசையா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"நீ எதையாவது பாத்தியாம்மா?"

"பாக்கல ஐயா."

சத்தமாகச் சொல் என்றார்கள். சத்தமாகவும் சொன்னேன்.

நாணயச் சாலைக் குற்றத்துக்குத் தண்டனை நிறைவேற்றுகிறவன் வரமாட்டான். நாணயச் சாலைச் சுத்தியல்தான் விழவேண்டும். அது சட்டம். மரக்கட்டையில் கையை வைத்துக் கட்டி, மணிக்கட்டில் கத்தியை வைத்து, வைட்டைக் கூப்பிட்டார்கள். அன்று அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

"புர்கி, என்ன மன்னிச்சுடு" என்றான்.

"அதெல்லாம் அப்புறம். இப்பவாவது சரியாப் பாத்து அடி."

ஒரே அடி. கோழி தயாராக இருந்தது. கையை ஆணியில் அடித்து வாசலில் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். தேய்ந்த அந்த விரல்கள் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேராக இருந்தன. நான் பாத்திரம் தேய்க்கும் தொட்டியை வேறு மூலைக்கு நகர்த்திக்கொண்டேன்.

வெளுப்புச் சட்டிக்கு வேறு ஒருத்தி வந்தாள். கரிக்கொட்டகை அறையும் அவளுக்குப் போனது. புர்கி பாலத்துக்குக் கீழே தோல் பதனிடுகிறவர்களிடம் ஒற்றைக் கையால் மயிர் வழிக்கும் வேலை செய்தாள். அந்த நாற்றத்தைத் தாங்கி அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். கொடுத்த கூலிக்கு வேலை பார்க்கிறவள் என்று அவர்களுக்கும் சந்தோஷம்.

ஐந்து வருடம் கழித்து லாம்பெர்ட் இறந்தார். காசைப் பற்றிப் பயந்த மற்ற ஐந்து சாமிகளில் மூன்று பேர் போய்விட்டார்கள். புதிய ஆயருக்கும் பழைய காசு என்றால் உயிர் என்பது எங்கள் சாமிக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு பனிக்காலத்தில் அவரை விருந்துக்கு அழைத்தார். மான்கறியும் மாவு உருண்டையும் முடிந்ததும் பெட்டியைத் திறந்து அந்தத் தாலரை ஆயர் உள்ளங்கையில் வைத்தார்.

ஆயர் ஜன்னலோரம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "கிழவர் செத்த பிறகும் ஆசனத்த விடலியே! இதுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் தரேன், எகிடியுஸ்."

"ரெண்டு தந்தாலும் மாட்டேன் ஆண்டவரே."

"இதுக்காக ஒருத்தி கைய வெட்டினாங்களாமே? உயிரோட இருக்காளா?"

என்னைத்தான் அனுப்பினார்கள். புர்கி அக்கா தோல் தொட்டியிலிருந்து எழுந்து, என்ன ஏது என்று கேட்காமல், ஆற்றில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். விருந்து மேசைக்கு முன்னால் நின்றாள். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் இருக்க ஆயர் முயற்சி செய்தது தெரிந்தது. மேசையில் தாலர் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"ஆண்டவரே, காசு இங்க இருக்கு" என்றாள். "அப்ப நான் எடுக்கலன்னு தெரியுதில்ல. எனக்குக் கை திரும்பி வேணாம். நான் திருடி இல்லைன்னு பேராலயத்துல ஒரு ஞாயித்துக்கிழம வாசிக்கச் சொல்லுங்க. திருடிக்குக் கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாதுன்னு சொல்லியிருக்காங்க. மதிலுக்கு வெளியில நாய் தோண்டும்."

ஆயர் எங்கள் சாமியைப் பார்த்தார். சாமி தன் மதுக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஆசனம் காலியா இருந்தப்ப குடுத்த தீர்ப்பும்மா அது" என்றார் ஆயர். குரல் இரக்கமாகத்தான் இருந்தது. "அந்த நாள்ல நடந்ததுல எந்த ஆயரும் கை வைக்கிற வழக்கம் இல்ல. வேற எதுனா கேளு."

"வேற ஒண்ணும் இல்ல."

அவர் தன் முகம் போட்ட புதுத் தாலர் ஒன்றை எடுத்து நீட்டினார். புர்கி அதை வாங்கிக்கொண்டாள். வெளியில் பனி விழ ஆரம்பித்திருந்தது, அவளுக்கு விறகு வாங்க வேண்டும்.

நான் வாசல்வரை கூட வந்தேன். படியில் நின்று தோள்துணியை ஒற்றைக் கையால் கழுத்தில் சுற்றினாள். முடிச்சு விழவில்லை. நான் கையை நீட்டினேன்.

"விடு" என்றாள். துணியின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறு நுனியைக் கையால் இழுத்து, ஒரே சுண்டலில் முடிச்சுப் போட்டாள். "நீ உள்ள போ. கூப்பிடுவாங்க."

உள்ளேயிருந்து கூப்பிடத்தான் செய்தார்கள். நான் போனேன். மேசை துடைக்க வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த வருடம் பனி உருகும் சமயத்தில் அவள் இறந்தாள். மதிலுக்கு வெளியேதான் வைத்தார்கள்.